கதவைத் திறந்து வைத்துவிட்டு அளக்கவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் கல்லாறு வந்ததும் பல்சக்கரத்துக்கு மாறும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை ஓடும். இன்ஜினுக்கு அடியிலுள்ள சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் குன்னூர் வரை ஏறும். 1899-இல் திறந்த வழி. அந்தப் பகுதியின் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அதாவது 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே. வெறும் சக்கரம் வழுக்கும், பல் வேண்டும் என்று அந்தக் காலத்து இன்ஜினியர்கள் முடிவுகட்டிய ஏற்றம்.

வீல்சேருக்கான சாய்தளம் அதிகபட்சம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்று அமெரிக்க விதியைப் பாருங்கள்: 12-க்கு 1. நம் நாட்டு வழிகாட்டு நெறிகளிலும் அதேதான். நீராவி இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற ஏற்றத்தை என் இரண்டு தோள்பட்டைகளும் ஏறிவிட வேண்டும் என்று கணக்கு. ஜெர்மனிக்காரர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டு 6 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏறக்குறைய 17-க்கு 1. அதனால் வெளிநாட்டில் தங்க அறை தேடும்போது ஒரு ஹோட்டல்காரர் ‘எங்களிடம் ராம்ப் இருக்கிறது’ என்று சொன்னால் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை. எத்தனை இன்ச் உயரம், எத்தனை அடி நீளம் என்று சொன்னால்தான் அது ராம்பா சறுக்குமரமா என்று தெரியும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பல வருஷம் ஆகிறது. மோட்டார் வண்டி இல்லை. கையால் உருட்டும் சாதாரண வீல்சேர்தான். வெளிநாடு போய் வருகிறேன் என்றால் ஊரில் இரண்டு விதமாகக் கேட்பார்கள். ‘உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?’ என்பது ஒன்று. ‘அங்கெல்லாம் யார் தூக்குவாங்க?’ என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான். அங்கே யாரும் தூக்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் போகிறேன்.

மலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கீழே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு என்றால் ஒன்று ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லை ரோட்டுக்குக் கீழே இருக்கும்; ரோட்டு மட்டத்தில் இருப்பதெல்லாம் கடை. எங்கள் பழைய வீடு ரோட்டிலிருந்து நாற்பது படிக்கும் கீழே. மழைக்காலத்தில் பாசி பிடித்துவிட்டால் கால் நன்றாக இருப்பவர்களே அதில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார்கள். அடிபட்ட பிறகு ரோட்டு மட்டத்தில் ஒரு வீடு பார்த்து வாடகைக்கு வந்தோம். அப்படியும் அடுத்த வளைவில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போக ஆள் வேண்டும். ஏற்றத்தில் தள்ள ஒருவர், இறக்கத்தில் பிடிக்க ஒருவர்.

சிங்கப்பூரில் நான் தனியாகப் பஸ் ஏறினேன். டிரைவர் இறங்கி வந்து, நடுக்கதவுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பலகையைப் புரட்டிப் போட்டார், நான் உருட்டிக்கொண்டு உள்ளே போனேன், பலகையை மடித்தார், வண்டி கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் 2020 முடிவிலிருந்து பொதுப் பஸ் எல்லாமே வீல்சேர் ஏறக்கூடியவை. கட்டடங்களுக்கான விதி அங்கே 1990-இலேயே வந்துவிட்டது. லண்டனில் கறுப்பு டாக்சி எதைக் கை காட்டி நிறுத்தினாலும் அதற்குள் ஒரு ராம்ப் இருக்கும். ஒரு கடைக்குப் போய், ஒரு ஜூஸ் குடித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் திரும்பி வருவது என்பது எனக்கு டிக்கெட் காசு கொடுத்து வாங்குகிற சொகுசு.

ஆக, ஊர் தயாராகத்தான் இருக்கிறது. இடிப்பது ஹோட்டல் ரூம்.

ரூம் புக் செய்யும் தளங்களில் ‘வீல்சேர் வசதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டதும் பட்டியல் பாதியாகக் குறையும். நமக்கும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த டிக்கைப் போட்டது யார் என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ஹோட்டல்காரரே தன் கையால் போட்டுக்கொண்டது. புக்கிங் டாட் காம் போன்ற தளத்தில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்கான வசதிகள் தனிப் பட்டியல், அறைக்கான வசதிகள் தனிப் பட்டியல். கட்டடப் பட்டியலில் ‘கைப்பிடி வைத்த கழிப்பறை’ என்று இருந்தால் அது கீழ்த்தளத்து வரவேற்பறை அருகே இருக்கும் ஒரே ஒரு கழிப்பறையாகவும் இருக்கலாம். நீங்கள் படுக்கப்போகும் அறையில் அது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஏர்பிஎன்பி இதில் கொஞ்சம் தேவலாம். வீட்டுக்காரர் ஒவ்வொரு வசதிக்கும் போட்டோ போட்டாக வேண்டும், நிறுவனம் அதைப் பார்த்துத்தான் அனுமதிக்கும்.

‘உங்கள் ஹோட்டல் வீல்சேருக்கு ஏற்றதா?’ என்று எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்கிறேன். ‘ஆமாம் மேடம், எங்களிடம் ரிசப்ஷனில் ஒரு வீல்சேர் தயாராக இருக்கிறது.’ இதைப் படித்து ஆரம்பத்தில் எரிச்சல் வரும். இப்போது சிரிப்புதான் வருகிறது. வீல்சேர் என்னிடமே இருக்கிறது அய்யா, அதை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியுமா என்பதைத்தான் கேட்டேன்.

இன்னொரு பதில், ‘எங்கள் ஆட்கள் தூக்கிவிடுவார்கள்.’ இது அன்பால் வருவது, கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் தூக்கத் தெரியாதவர்கள் தூக்கினால் என் தோளும் போகும், அவர்கள் முதுகும் போகும். நள்ளிரவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது?

அதனால் நான் ‘ஏற்றதா’ என்றே கேட்பதில்லை. அளவு கேட்கிறேன். கணக்கு எழுதுகிற புத்தி என்று தங்கை மகள் கிண்டல் செய்வாள். அவள்தான் கோவையிலிருந்து லீவு போட்டுக்கொண்டு என்னோடு வருகிறவள்.

முதல் அளவு கதவு. அமெரிக்க விதிப்படி கதவைத் திறந்தால் கிடைக்கிற இடைவெளி குறைந்தது 32 இன்ச், அதாவது 81 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் வண்டியின் வெளி அகலம் 62 சென்டிமீட்டர். கை விரல் முட்டியெல்லாம் உரசாமல் போக 70 இருந்தால் போதும். சிக்கல் எங்கே என்றால், ஹோட்டல்காரர்கள் கதவுப் பலகையை அளப்பார்கள், இல்லை நிலையின் அகலத்தைச் சொல்வார்கள். கதவு 90 டிகிரி திறந்து நின்றால் அதன் கனம் உள்ளே வந்து உட்காரும். கதவுக்குப் பின்னால் சுவரோ அலமாரியோ இருந்து முழுக்கத் திறக்காவிட்டால் இன்னும் குறையும். காகிதத்தில் 75 இருந்தது, நேரில் 68 ஆகிவிடும்.

சிங்கப்பூர் ஹோட்டலில் ரிசர்வேஷனில் பேசிய பையன் இதை எனக்காக அளந்து தந்தான். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தோம். நான் ‘கோத்தகிரி’ என்றதும் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், ‘அக்கா, நீங்க தமிழா? நான் பேராவூரணி பக்கம்’ என்றான்.

‘சரி தம்பி, ஒரு உதவி. பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்னு பார்த்துச் சொல்லணும்.’

‘எண்பதுன்னு சிஸ்டத்துல இருக்குக்கா.’

‘சிஸ்டத்துல இருக்கறது வேண்டாம். டேப் வச்சு அளந்து சொல்லு.’

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மெயின்டனன்ஸ்காரரிடம் கடன் வாங்கிய மஞ்சள் டேப், நிலையின் ஒரு பக்கத்தில் அவன் கட்டைவிரல், மறுபக்கம் 80. கதவு போட்டோவிலேயே இல்லை. ‘தம்பி, கதவைத் திறந்து வச்சுட்டு, கதவுல இருந்து எதிர்ப்பக்க நிலை வரைக்கும் அளந்து பாரு’ என்றேன். அடுத்த போட்டோவில் 75. ‘அஞ்சு சென்டிமீட்டர் எங்கக்கா போச்சு?’ என்று கேட்டான். அதற்கப்புறம் நான் கேட்காமலே கட்டிலின் உயரம், கமோடின் உயரம், வாஷ்பேசினுக்கு அடியில் முட்டி நுழைய எவ்வளவு இடம் என்று வரிசையாக அனுப்ப ஆரம்பித்துவிட்டான். நாங்கள் போய் இறங்கியபோது அவனுக்கு இரவு ஷிஃப்ட். பார்க்க முடியவில்லை. அந்த அறையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாம் அளவுப்படி இருந்தது.

கதவைத் தாண்டி உள்ளே போனால் குளிக்கும் இடம். இங்கேதான் பெயர்கள் ஆளை ஏமாற்றும். ரோல்-இன் ஷவர் என்றால் தரை ஒரே மட்டம். ஷவர் நாற்காலியோடு உருண்டு உள்ளே போகலாம். வாக்-இன் ஷவர் என்றால் தொட்டி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். நாலு இன்ச் வரம்பு கட்டியிருப்பார்கள், கண்ணாடிக் கதவு போட்டிருப்பார்கள், நடக்கிறவர்கள் ‘வாக்-இன்’ ஆகலாம். அமெரிக்காவில் மூன்றாவது ஒரு வகை உண்டு: குளியல் தொட்டிதான், பக்கத்துச் சுவரில் கைப்பிடி, தொட்டியின் குறுக்கே போட ஒரு பலகை. சட்டப்படி அதுவும் வீல்சேர் அறைதான். தொட்டி விளிம்புக்கு மேல் இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு உட்காரத் தெரிந்தவர்களுக்கு அது ஒத்துவரும், எனக்கு வராது. 50 அறை அல்லது அதற்குக் குறைவாக உள்ள ஹோட்டலுக்கு அங்கே ரோல்-இன் ஷவர் கட்டாயமே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன மோட்டல்களில் ஏன் அது கிடைப்பதில்லை என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் சின்ன இடத்தைத் தேடாதீர்கள் என்பது என் யோசனை. பெரியதாக, புதியதாக, சலிப்பூட்டுவதாக இருக்கிற ஹோட்டலே நமக்கு நல்லது.

ஜப்பானில் வேறு மாதிரி. அங்கே பிசினஸ் ஹோட்டல்களில் பாத்ரூம் மொத்தத்தையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியாக ஃபேக்டரியில் வார்த்து, அப்படியே கொண்டுவந்து அறைக்குள் பொருத்திவிடுவார்கள். அடியில் குழாய் போக இடம் வேண்டும் என்பதால் அந்தப் பெட்டி தரையை விட ஒரு படி உயரத்தில் இருக்கும். அறைக்குள் எல்லாம் கச்சிதம், பாத்ரூம் வாசலில் ஒரு படி. அதனால் அங்கே கட்டடம் எந்த வருஷத்தது என்று கேட்பது உதவும். 50 அறை முதல் உள்ள ஹோட்டல்களைப் புதிதாகக் கட்டினால் 100-க்கு 1 வீதமாவது வீல்சேர் அறை வேண்டும் என்று 2019 செப்டம்பரில் அங்கே விதி மாறியது. அதற்கு முன்னால் எவ்வளவு பெரிய ஹோட்டலானாலும் ஒரே ஒரு அறை இருந்தால் போதும் என்பதாக இருந்தது. ஒரே அறை என்றால் அது எப்போது காலியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையக் கழிப்பறைகள் மட்டும் அந்த நாட்டில் ராஜபோகம். சில ஹோட்டல் அறைகளை விடப் பெரியவை.

கமோடுக்கு வருகிறேன். உயரம் 17-லிருந்து 19 இன்ச் இருந்தால் வண்டி இருக்கையும் அதுவும் கிட்டத்தட்ட சமமாக வரும், நகர்ந்து உட்காரலாம். உயரத்தை விட முக்கியமானது, எந்தப் பக்கம் காலி இடம் என்பது. கமோடின் ஒரு பக்கம் சுவரும் கைப்பிடியும் இருக்கும்; மறுபக்கத்தில்தான் வண்டியை ஒட்டி நிறுத்த வேண்டும். எனக்கு இடது தோள் பலவீனம், வலது பக்கமாக நகர்வதுதான் சுலபம். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த இடம் வலம் என்பது விருப்பம் இல்லை, அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அவர்களால் உட்காரவே முடியாது. ‘கமோடில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலி இடம் எந்தக் கைப் பக்கம்?’ என்று கேளுங்கள். ‘இடது பக்கம்’ என்று மட்டும் கேட்டால் அவர்கள் எதிரில் நின்று பார்த்துச் சொல்வார்கள், எல்லாம் தலைகீழாகிவிடும். அந்தக் காலி இடத்தில் குப்பைத்தொட்டி, துண்டு வைக்கும் ஸ்டாண்டு, அலங்காரத்துக்கு ஒரு பூந்தொட்டி என்று எதையாவது வைத்திருப்பார்கள், அது வேறு கதை, சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

வாஷ்பேசினுக்கு அடியில் வெந்நீர்க் குழாய்க்கு உறை போட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். என் காலுக்குச் சூடு தெரியாது. முட்டி குழாயில் பட்டுக்கொண்டே இருந்தாலும் நான் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். கொப்புளத்தை ராத்திரிதான் பார்ப்பேன். அமெரிக்க விதியில் இந்த உறை கட்டாயம் என்று இருக்கிறது. எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு இது பட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே அமெரிக்க விதியில் கட்டில் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவுக்கு அளவு, கண்ணாடிக்கு அளவு, துணி மாட்டும் கம்பிக்கு அளவு, கட்டிலுக்கு மட்டும் கிடையாது. மெத்தைக்கு மேல் மெத்தை அடுக்கி 25, 26 இன்ச் வரை கொண்டுபோய்விடுவார்கள். என் வண்டி இருக்கை 19 இன்ச். நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டலில் தங்கை மகள் பின்னாலிருந்து தாங்க, நான் மலை ஏறுகிற மாதிரிக் கட்டில் ஏறினேன். மறுநாள் காலை அவளே கீழே போய்ப் பேசினாள். அடியில் இருந்த பெட்டி மெத்தையை உருவி எடுத்துவிட்டார்கள், 17 இன்ச்சுக்கு இறங்கியது. ‘இதை முன்னாடியே எழுதிக் கேட்கலாமே பெரியம்மா’ என்றாள். இப்போதெல்லாம் கேட்டு விடுகிறோம். பெட்டி போன்ற அடிப்பாகம் உள்ள கட்டிலா, கால் வைத்த கட்டிலா என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் போக இடம் வேண்டும்.

குறை சொன்னாலும் அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக 1990-இல் வந்த சட்டம் அது; அதன் கீழ் ரூம் புக்கிங்குக்கென்றே தனி விதிகள் 2012 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. மற்ற அறைகளைப் போலவே வீல்சேர் அறையையும் அதே நேரத்தில் அதே வழியில் புக் செய்ய முடிய வேண்டும். அறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒருவர் தனக்கு ஒத்துவருமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். அந்த வகையில் மற்ற அறைகள் எல்லாம் நிரம்பும் வரை வீல்சேர் அறையை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். புக் செய்த பிறகு அந்தக் குறிப்பிட்ட அறையையே உங்கள் பெயருக்கு ஒதுக்கிவிட வேண்டும், வேறு யாருக்கும் மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று, ராத்திரி பதினொரு மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து வந்து ‘அந்த ரூமை வேற கெஸ்டுக்குக் கொடுத்துட்டோம் மேடம்’ என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மற்ற நாடுகளில் அந்த உத்தரவாதத்தை நாமே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. இடைத்தரகுத் தளங்களில் வீல்சேர் அறை என்பது பெரும்பாலும் ‘கோரிக்கை’ என்ற கட்டத்தில் போய் விழும்; கிடைத்தால் கிடைக்கும். விலை நூறு இருநூறு கூடினாலும் ஹோட்டலிலேயே நேராகப் புக் செய்து, அறை எண்ணோடு மின்னஞ்சல் வாங்கி, அதைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். போனில் சொன்னது காற்றோடு போகும்.

ஐரோப்பாவில் பழைய நகரங்கள்தான் கஷ்டம். பிரான்ஸில் 2005-லேயே சட்டம் வந்தது, இங்கிலாந்தில் 2010-இன் சமத்துவச் சட்டம் இருக்கிறது. ஆனால் முந்நூறு வருஷத்துக் கட்டடத்தைச் சட்டம் போட்டு அகலப்படுத்த முடியாது. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஹோட்டல்காரர் ‘லிஃப்ட் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்குப் போக நான்கு படியும் இருந்தது. அந்தப் படிகளை ஏற்றிவிட்டார்கள் என்றால், லிஃப்ட் மாடிப்படிச் சுழலுக்கு நடுவே பிற்காலத்தில் சொருகிய கூண்டு, வண்டியின் கால்மிதியைக் கழற்றினால்தான் கதவு மூடும். நான் மேலே, என் கால்மிதி கீழே. ஜன்னலைத் திறந்தால் தேவாலய கோபுரம் தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. நான் கோபுரத்துக்காகப் போகவில்லை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் உருட்டிக்கொண்டு போகலாம் என்று போனேன். அதற்குப் பிறகு வரலாற்றுச் சிறப்புமிக்க ஹோட்டல் என்று விளம்பரத்தில் பார்த்தாலே அடுத்ததற்குப் போய்விடுகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், பத்து வருஷத்துக்குள் கட்டிய, எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாத சங்கிலி ஹோட்டல்கள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு. ஒரே வரைபடத்தில் கட்டியவை என்பதால் ஓர் ஊரில் சரியாக இருந்தால் அடுத்த ஊரிலும் அநேகமாகச் சரியாக இருக்கும்.

அறை சரி என்றால் வாசலுக்கு வெளியே. இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை; கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஹோட்டல் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு நடை ‘நடந்து’ பார்த்துவிடலாம். நடைபாதை ஓரம் இறக்கியிருக்கிறதா, கல் பாவியதா, நடுவில் கம்பம் நிற்கிறதா எல்லாம் தெரியும். ஏற்றம் மட்டும் தெரியாது, படத்தில் மலையும் சமவெளி மாதிரிதான் இருக்கும். அதற்கு மலைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: கட்டடங்களின் அடிக்கோட்டைப் பாருங்கள். ஜன்னல் வரிசை நேராகப் போக, கீழே சுவர் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்தால் அது சரிவு. லிஸ்பன், சான் ஃபிரான்சிஸ்கோ படங்களை இப்படிப் பார்த்தேன். நம்ம ஊர் மாதிரியே இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காசு செலவழித்து இன்னொரு கோத்தகிரிக்கு எதற்குப் போக வேண்டும்? வீல்மேப் என்று ஒன்று பெர்லினில் 2010-இல் ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்கக் கடை, உணவகம், கழிப்பறைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சாதாரண ஜனங்களே குறித்து வைக்கிற வரைபடம். அக்கம்பக்கத்தில் சாப்பிட எங்கே போகலாம் என்று பார்க்க அது போதும்.

விமானத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இரண்டு வரி. 48 மணி நேரத்துக்கு முன்னால் ஏர்லைன்ஸிடம் சொல்லிவிடுங்கள்; சொந்த வண்டியை விமான வாசல் வரை கொண்டுபோய், இறங்கும்போதும் வாசலிலேயே தரச் சொல்லிச் சீட்டு ஒட்டுங்கள். மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் வாட்-ஹவர் அளவு எழுதிய தாளைக் கையிலேயே வைத்திருங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு 300 வரம்பு என்பதைக் கவுன்டரில் இருப்பவருக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டி வரும்.

மாடி விஷயம் ஒன்று பாக்கி. பெரிய ஹோட்டல்களில் வீல்சேர் அறையைப் பதினெட்டாவது மாடியில் கொடுத்து, ‘நல்ல வியூ மேடம்’ என்பார்கள். தீப்பிடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். நான் முதல் மூன்று மாடிக்குள் கேட்கிறேன், போய்ச் சேர்ந்ததும் படிக்கட்டு எங்கே என்றும், ஆபத்து நேரத்தில் என்னை இறக்க அவர்களிடம் என்ன ஏற்பாடு என்றும் ரிசப்ஷனில் கேட்டுவிடுகிறேன். முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

இவ்வளவையும் எழுதும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் போகுமா? ஊட்டிக்கும் குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் சீசனில் வருகிற கூட்டத்தில் வீல்சேர்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? வர ஆசை இல்லாமலா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல் வசதி பற்றிய விதி வெறும் யோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமானதாக வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. தீர்ப்பு மலை ஏறி வர நேரமாகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிற ஓரிருவரும் இருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம், வீல்சேரில் பாட்டியோடு வந்து, வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ‘என்ன செய்யணும் சொல்லும்மா, செஞ்சுடறேன்’ என்று வந்து நின்றார். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னேன், ஒரு நாள் ஆசாரி வேலை. வாசலில் அழகுக்காகக் கொட்டியிருந்த சரளைக்கல்லை அள்ளச் சொன்னேன். அதில் முன்சக்கரம் புதைந்தால் பின்னால் நாலு பேர் தள்ளினாலும் நகராது. கல்லுக்கு ஆன செலவைச் சொல்லிக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

பெரிய சிக்கல் முன்வாசல் ஏற்றம். முற்றத்திலிருந்து வராந்தா 3 அடி உயரம். 12-க்கு 1 கணக்கில் 36 அடி ராம்ப், நடுவில் ஒரு சமதளம் வேறு. ‘முப்பத்தாறு அடிக்கு நான் எங்க போவேன், டீ செடியைப் பிடுங்கணுமா?’ என்றார். நியாயம்தான். வண்டியை உருட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். மலைச்சரிவில் கட்டிய வீட்டுக்கு எப்போதும் ஒரு வசதி உண்டு, முன்பக்கம் எவ்வளவு உயரமோ அந்த அளவுக்குப் பின்பக்கம் மண் ஏறி வந்திருக்கும். அந்த வீட்டுக்குப் பின்னால் மேல் ரோடு போகிறது. பின்சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள மண் அறையின் தரைக்கு இரண்டு இன்ச் வித்தியாசத்தில் சமமாக இருந்தது. ராம்பே வேண்டாம். சுவரில் 90 சென்டிமீட்டருக்கு ஒரு கதவு வைத்து, காரிலிருந்து நேராக அறைக்குள் போகலாம்.

‘அங்க விறகுக் கொட்டகை இருக்கேம்மா’ என்றார் மாமா.

‘நகர்த்துங்க மாமா.’

உள்ளேயிருந்து அத்தை வெளியே வந்தார். ‘நகர்த்தி எங்க வைக்கிறது? மழைல நனைஞ்ச விறகை வச்சு நான் வெந்நீர் போடணுமா?’ என்று ஆரம்பித்தார். கேஸ் கெய்சர் வாங்கித் தருவதாக மாமா சொல்லிப் பார்த்தார். அத்தை மசியவில்லை. நான் கதவு எங்கே வர வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன். பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.